கொட்டிலுக்குள் முடியும் குழாய்

நவம்பர் 4, செவ்வாய்

மழை. வீட்டுக்குள் பதின்மூன்று பாகை. வீட்டைச் சூடாக்கும் பொயிலர் நின்று மூன்று நாள்.

செய்யவேண்டியவை:
1. மின்சூடேற்றி இன்னொன்று.
2. பாக்கியத்துக்குக் கம்பளிக் காலுறை.
3. பதிவுள்ள காஸ் வேலைக்காரர். மூன்று பேரிடமாவது விசாரிக்க.
4. யோகன்.

நான்காவதுக்கு நேரே என்ன எழுதுவதென்று தெரியவில்லை. பெயர் மட்டும். கீழே இரண்டு கோடு.

நடந்ததை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். பிறகு எனக்கு மறதி என்று யாரும் சொல்லக்கூடாது. சனி பிற்பகல் என் மனைவி பாக்கியம் (இனிமேல் பா.) வீட்டுப் பின்சுவரோடு ஒட்டிக் கட்டிய கொட்டிலில் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். குளிரென்று கதவைச் சாத்தியிருந்தாள். குசினியில் நான் மாட்டிவைத்த கார்பன் மொனொக்சைட் அலாரம் அலறியது. மாட்டி ஒரு கிழமைகூட ஆகவில்லை. அவசர இலக்கத்துக்கு எடுத்தேன். ஜன்னல்களைத் திறக்க, மீற்றரில் காஸை மூட, வெளியே போய் நிற்கச் சொன்னார்கள். மூன்றையும் அந்த ஒழுங்கில் செய்தேன். பா. பொரியல் சட்டியோடு வெளியே வந்தாள்.

வந்த காஸ் அவசரகாரரின் கையிலிருந்த நச்சுவாயு அளவி கொட்டிலுக்குள் கால் வைத்ததும் கத்தத் தொடங்கியது. பொயிலரின் புகைக்குழாய் குசினிச் சுவரைத் துளைத்துக்கொண்டு போய்க் கொட்டிலுக்குள் முடிகிறது. புகைக்கு வேறு வழி இல்லை. கொட்டிலில் நின்று, திரும்பக் குசினிக்குள் வந்து, எங்கள் நெஞ்சுக்குள். பொயிலரில் 'ஆபத்து, பாவிக்கவேண்டாம்' என்ற சிவப்பு அட்டையைக் கட்டினார்.

"யார் பொருத்தியது?"

மனைவியின் தம்பி என்றேன். எழுதிக்கொண்டார்.

நவம்பர் 5, புதன்

மழை விட்டது. இங்கத்தைய வெடி நாள், தெருவெல்லாம் சத்தம்.

போன மாரி முழுக்கப் பா.வுக்குத் தலையிடி. பின்னேரமானால் வாந்தி வருவதுபோல. டொக்டர் பிறஷர் என்றார். குளிசையைக் கூட்டினார். வெயில் காலத்தில் தானாக மாறியது. பொயிலர் ஓடாத காலம். இவ்வளவு சுலபமான கணக்கு. முப்பத்தெட்டு வருடம் படவரைஞனாக வேலை செய்தவன், முதலில் நீர்ப்பாசனத் திணைக்களம், பிறகு இங்கே ஒரு கட்டட நிறுவனம். இரண்டு கோடு எங்கே வெட்டும் என்று பார்க்கத் தெரியவில்லை.

இல்லை. தெரிந்தது. யோகன் குழாயைப் பொருத்திய அன்றே கேட்டேன். தாழ்ந்த குரலில்தான் கேட்டேன்.

"யோகன், புகை கொட்டிலுக்குள்ளயெல்லோ வருது?"

"கொட்டில் வெளிதானே அத்தான்? அக்காவுக்கும் மீன் பொரிக்கேக்க சூடாயிருக்கும். படம் கீறுறது உங்கட வேலை. குழாய் பொருத்துறது என்ர வேலை."

நான் அளவுநாடாவைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் வைத்தேன்.

பிறகு மாசியில், யாரோ ஒரு பிள்ளையின் பிறந்தநாள். பா. தலையைப் பிடித்துக்கொண்டு மூலையில் இருந்தாள். யோகன் மண்டபம் முழுக்கக் கேட்கச் சொன்னான்: "அக்காவுக்குத் தலையிடி இண்டைக்கு நேற்றே? அத்தானைக் கட்டின நாளில இருந்து!" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பை அவனிடமிருந்து திருப்பி வாங்கவேண்டும்.

இன்று ரெலிபோனில்: "அலாரம் பழுதாயிருக்கும். பற்றறியை மாத்திப் பாருங்கோ. உந்தச் சிவப்பு அட்டை சும்மா வெருட்டு." அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை.

நவம்பர் 7, வெள்ளி

முறைப்பாட்டுக் கடிதம், முதல் வரைவு. நான்கு பக்கம். கோபம் கூடிவிட்டது. கிழித்தேன். இரண்டாவது வரைவு, இரண்டு பக்கம், ஒரு படம், அளவுகளோடு. நல்ல படம். கோடு இன்னும் நேராக வருகிறது.

பா. மேசையில் கண்டுவிட்டாள்.

"இதை எங்க அனுப்பப் போறியள்?"

"காஸ் வேலைக்காரரைப் பதியிற இடத்துக்கு. அவன் பதிஞ்சிருக்கிறானோ எண்டு அவையள் பாக்கட்டும்."

"அவன்ர பிழைப்புப் போயிடும்."

"உம்முடைய உயிர் போயிருக்கும்."

"போகேல்லைத்தானே?" என்றாள். "அவன் என்ர கடைசித் தம்பி. இதை அனுப்பினியள் எண்டால் பிறகு என்னோட கதைக்காதேங்கோ."

சோற்றைப் போட்டு மூடிவைத்துவிட்டு மேலே போனாள். கடிதத்தை அகராதிக்குள் வைத்திருக்கிறேன்.

நவம்பர் 10, திங்கள்

மேகம். புதிய வேலைக்காரர் பார்க்க வந்தார். பெண். ஐம்பது இருக்கும், பெயர் டெனீஸ். கேட்காமலே பதிவு அட்டையை நீட்டினாள். "பின்பக்கத்தையும் பாருங்கள்" என்றாள். எந்தெந்த வேலை செய்யலாம் என்பது பின்பக்கத்தில்தானாம். பலர் முன்பக்கப் படத்தோடு நின்றுவிடுவார்களாம்.

யோகனிடம் நான் முன்பக்கமும் கேட்கவில்லை. மனைவியின் தம்பியிடம் அட்டை கேட்பதா? கேட்டிருந்தால் சொந்தம் முழுக்க இரண்டு வருடம் அதையே கதைத்திருக்கும். எங்கள் ஆட்களில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவனுக்கு அது தெரியும். அவன் தொழிலே அதில்தான் ஓடுகிறது.

கொட்டிலைக் காட்டினோம். டெனீஸ் கேட்டாள்: "இது வீட்டுக்கு உள்ளேயா, வெளியேயா?"

"வெளியே" என்றாள் பா., உடனே.

டெனீஸ் ஒவ்வொரு சுவரையும் விரலால் தட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று. பிளாஸ்ரிக் கூரையைத் தட்டினாள். கதவைச் சாத்தித் திறந்தாள். "அம்மா, இது உள்ளே."

பா. ஒப்புக்கொள்ளவில்லை. மீன் மணம் வீட்டுக்குள் வரக்கூடாதென்றுதான் கொட்டில். ஆகவே அது வெளி. எனக்கும் இருபது வருடமாக அப்படித்தான். வரைபடத்தில் கீறியிருந்தால் உள்ளே என்று கீறியிருப்பேன். வாயால் வெளி என்றுதான் சொல்லியிருப்பேன்.

இரண்டு வழி: கொட்டிலை உடைப்பது, அல்லது பொயிலரை மேல்மாடிச் சின்ன அறைக்கு ஏற்றுவது. பா. கொட்டிலை உடைக்க விடமாட்டாள். ஏற்றுவது.

நவம்பர் 13, வியாழன்

வேலை நாள். காலை எட்டுக்கு டெனீஸ். நான் நாற்காலி, குறிப்புப் புத்தகம், கண்ணாடி சகிதம். "பார்த்துக்கொண்டிருந்தால் இடைஞ்சலா?" என்று கேட்டேன். "பாருங்கள், கேளுங்கள்" என்றாள். இதை யோகன் ஒருநாளும் சொன்னதில்லை.

பழைய குழாயைக் கழற்றும்போது கண்டவை:
- புகைக்குழாய் வெளிப்பக்கம் சரிந்திருந்தது. பொயிலர் பக்கமாக மூன்று பாகை சரியவேண்டும். புகையிலுள்ள ஈரம் தண்ணீராகிப் பொயிலருக்கே திரும்பி, அங்கிருந்து வடிகாலுக்குப் போவதற்கு.
- சுவர்த் துளையில் சாந்து இல்லை. பத்திரிகைத் தாளைத் திணித்து மேலே வெள்ளை தடவியிருந்தான். டெனீஸ் இழுத்தாள், வந்துகொண்டே இருந்தது. தமிழ்ப் பத்திரிகை. மணமகன் தேவை பக்கம். பைக்குள் போட்டுத் திகதி எழுதினேன். கடிதத்துக்குச் சான்று 4.
- காஸ் குழாய் 15 மி.மீ. இவ்வளவு தூரத்துக்குப் போதாது. பொயிலர் பசியோடுதான் எரிந்திருக்கிறது.

டெனீஸ் செய்தவை: மீற்றரிலிருந்து மாடிவரை 22 மி.மீ. செப்புக் குழாய், அளந்து அளந்து பிடிகள். சுவரைக் கடக்கும் இடத்தில் குழாய்க்கு மேலே ஓர் உறை, உறைக்குள் குழாய் இணைப்பு எதுவும் வராமல். புகைக்குழாய் பின்சுவரால் நேரே வெளியே, ஜன்னலிலிருந்து நன்றாக விலகி, கொட்டில் கூரைக்கு நன்றாக மேலே. சரிவைத் தன் மட்டப்பலகையால் பார்த்தாள். பிறகு என்னுடையதையும் வாங்கிப் பார்த்தாள். சுவரின் இரண்டு பக்கமும் சாந்து.

பிறகு கசிவுச் சோதனை. வளைந்த கண்ணாடிக் குழாயில் தண்ணீர். காஸின் அழுத்தத்தில் மட்டம் ஏறி நின்றது. அடைத்தாள். கொஞ்சம் அடங்க விட்டாள். பிறகு இரண்டு நிமிடம். அவள் தன் மணிக்கூட்டைப் பார்த்தாள், நான் என்னுடையதை. மட்டம் மயிரிழை அசையவில்லை.

அந்த இரண்டு நிமிடத்தில் யோகனை வெறுத்த அளவுக்கு நான் யாரையும் வெறுத்ததில்லை. இரண்டு நிமிடம். என் மனைவிக்காக அவனிடம் அதுகூட இருக்கவில்லை.

எல்லாம் பூட்டியபின் புகையை அளந்து, எண்களைப் பொயிலர் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திட்டாள். மூன்று மணிக்கு ரேடியேற்றர் சூடு. பா. அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, "பொம்பிளை நல்லாத்தான் செய்யிறா" என்றாள். எனக்குத் தேத்தண்ணியும் வந்தது. அகராதியைப் பற்றிக் கதையில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

வெயில், சூடில்லாத வெயில். யோகன் வந்தான். மகனுக்குக் கலியாணம், 30ஆம் திகதி, மார்கழி பிறக்க முன்னம். வரும் ஞாயிறு வெம்பிளியில் அவன் வீட்டில் பலகாரச் சூடு. சொந்தக்காரப் பெண்களெல்லாம் கூடிக் கலியாணப் பலகாரம் சுடும் நாள்.

"அக்கா, நீங்கள் சட்டியில முதல் பணியாரம் போடவேணும்."

பா. முகம் மலர்ந்துவிட்டது. அவனை மன்னிக்கக்கூட அவளுக்குத் தேவை இருக்கவில்லை. மன்னிப்பதற்கு அவன் ஏதாவது செய்திருக்கவேண்டுமே.

மேலே வந்து இடம் மாறிய பொயிலரைப் பார்த்தான். தட்டினான். "நல்ல வேலைதான். வெள்ளைக்காரி உங்களை ஏமாத்தினாளோ, நீங்கள் அவளை அளந்து கொன்றீங்களோ அத்தான்?" கீழே பா. சிரிக்கும் சத்தம்.

நான் சிரிக்கவில்லை. அந்தளவுக்கு முன்னேற்றம்.

யோசித்து வைத்தது: கடிதம் (இப்போது ஐந்தாம் வரைவு, சான்றுகள் 1 முதல் 9) கலியாணக் கிழமை போய்ச் சேரவேண்டும். அவன் பட்டுவேட்டியோடு வாசலில் நின்று ஆட்களை வரவேற்கும்போது அந்தக் கதை அவனுக்கு முன்னால் மண்டபத்துக்குள் போயிருக்கவேண்டும். ஒரு கிழமை பொறுப்பது. பொறுக்கத் தெரிந்தவன் நான்.

நவம்பர் 20, வியாழன்

உறைபனி. கார்க் கண்ணாடிகள் வெள்ளை.

ஆறாம் வரைவு. ஓர் அரைப்புள்ளி மாற்றினேன். பிறகு பழையபடி.

விடிய ஓர் எண்ணம்: அவன் எங்கள் வீட்டில் மட்டுமா பொருத்தினான்? இந்தக் குளிரில் எல்லா வீட்டிலும் பொயிலர் ஓடும். எண்ணத்தைத் தள்ளிவைத்தேன். எல்லாரும் என்ன கொட்டிலோடா இருக்கிறார்கள்? (எங்கள் ஆட்கள் கனபேர் கொட்டிலோடுதான் இருக்கிறார்கள்.)

30ஆம் திகதிக்குப் பத்து நாள்.

நவம்பர் 23, ஞாயிறு

எழுத்து கோணல்.

எலிசபெத் லைன் ரெயின், பிறகு ஜூபிலி. பதினொன்றுக்கு வெம்பிளி. பா. கையில் அவளுடைய பழைய அகப்பை, துணியில் சுற்றி. ஆண்கள் முன்னறையில். நான் நுழைந்ததும் யோகன்: "அத்தான் வந்திட்டார். எல்லாரும் நிமிந்து இருங்கோ, அளக்கப் போறார்!" சிரிப்பு. ஒரு கதிரை தந்தார்கள், கதவோரம்.

ஒரு மணித்தியாலம் இருந்தேன். தண்ணீர் குடிக்கும் சாட்டில் பின்னால் போனேன்.

அவனுக்கும் கொட்டில். எங்களுடையதைவிடப் பெரிது, கண்ணாடிக் கதவு, சாத்தியபடி. உள்ளே பன்னிரண்டு பெண்கள், இரண்டு பெரிய அடுப்பு, கொதிக்கும் எண்ணெய், பயற்றம் பணியாரம், அரியதரம். தலைக்கு மேலே சுவரிலிருந்து வெள்ளைக் குழாய் நீட்டிக்கொண்டு நிற்கிறது. புகைக்குழாய். ஓடுகிற பொயிலரின் புகைக்குழாய். யாரோ அதில் கைதுடைக்கிற துவாயைக் காயப்போட்டிருந்தார்கள்.

தன் சொந்த வீட்டில். அவன் என்னை ஏமாற்றவில்லை. அவனுக்குத் தெரியாது. உண்மையிலேயே தெரியாது.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். மறைக்காமல் எழுதுகிறேன். உடம்பெல்லாம் சந்தோஷம். போனை எடுத்துப் படம் பிடித்தேன். சான்று 10. குழாயின் முனை தெளிவில்லை, இன்னொன்று. துவாய் மறைத்தது, பக்கத்தில் போய் இன்னொன்று.

"அத்தான் எங்களைப் படம் எடுக்கிறார்!" என்றாள் ஒருத்தி. "சிரியுங்கோடி!"

யோகனின் மனைவி ரஞ்சி சுவரோடு சாய்ந்திருந்தாள். "எண்ணெய்ப் புகை, தலை சுத்துது" என்றாள். "எனக்கும்தான்" என்றாள் இன்னொருத்தி. பா. அகப்பையை வைத்துவிட்டு நெற்றியைப் பிடித்தாள். போன மாரியில் பிடித்த அதே இடம், அதே கை.

அப்போதுதான் போனைக் கீழே இறக்கினேன். நான்கு படம் எடுத்திருந்தேன். அவ்வளவு நேரம். அதற்கு முன்னால் ஒரு கிழமை, கடிதத்தை அனுப்பாமல்.

"வெளியில வாங்கோ" என்றேன். என் குரல் பொரியும் சத்தத்துக்கு மேலே போகவில்லை. திரும்பவும் சொன்னேன். ஒருத்தி எனக்கு ஒரு பணியாரத்தை நீட்டினாள்.

கண்ணாடிக் கதவை முழுக்கத் திறந்தேன். மாடிப்படிக்குக் கீழேயுள்ள அலுமாரியைத் திறந்து, மீற்றர்ப் பிடியைக் குழாய்க்குக் குறுக்கே திருப்பினேன்.

இரண்டு அடுப்பும் அணைந்தன. சட்டியில் முதல் ஈட்டு அரியதரம்.

பலகாரச் சூட்டில் அடுப்பு அணையக்கூடாது. எனக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும். யாரோ "ஐயோ, அபசகுனம்" என்று அழத் தொடங்கினாள். யோகன் ஓடிவந்தான்.

"உங்களுக்கு விசரோ அத்தான்? என்ர பிள்ளையின்ர கலியாணம்!"

"கொட்டில் உள்ளுக்க இருக்கு" என்றேன். "புகை உள்ளுக்க வருது. எல்லாரையும் வெளியில எடு."

"தள்ளுங்கோ."

தள்ளவில்லை. அலுமாரிக் கதவில் முதுகை வைத்து நின்றேன். என் தோளைப் பிடித்தான். எழுபத்து நான்கு வயதுத் தோள். அவன் இழுத்திருந்தால் வந்திருப்பேன்.

பின்னால் ஒரு சத்தம். ரஞ்சி கொட்டில் படியில் விழுந்திருந்தாள்.

அம்புலன்ஸ். காஸ் அவசரகாரர். அவர்கள் வருவதற்குள் பாதிக் காற்று மாறிவிட்டது, ஆனாலும் அளவி கத்தியது. அவன் வீட்டிலும் சிவப்பு அட்டை. ரஞ்சிக்கு ஒட்சிசன் கொடுத்துக் கொண்டுபோனார்கள். பா.வையும் இன்னும் மூன்று பேரையும் சோதித்து வீட்டுக்கு விட்டார்கள்.

எங்கள் மனோர் பார்க்கில் ரெயினால் இறங்கும்போது பா., "எப்ப கண்டனீங்கள்?" என்று கேட்டாள்.

"கண்ட உடனே" என்று சொல்ல வாய் வந்தது. "கொஞ்சம் முந்தி" என்றேன்.

நவம்பர் 24, திங்கள்

பனி. 8.10க்குக் கடிதத்தை அனுப்பினேன், கணினியில். ஆறாம் வரைவு அல்ல. புதிதாக எழுதியது, பன்னிரண்டு வரி. சான்றுகளில் மூன்று மட்டும். பா. பக்கத்தில் நின்று வாசித்தாள். தடுக்கவில்லை. போய் இடியப்பம் அவித்தாள், குசினிக் காஸ் அடுப்பில், கொட்டிலில் இல்லை.

9.30க்கு யோகன் வந்தான். சவரம் இல்லை. ரஞ்சி தேறிவிட்டாள், நாளை விடுவார்கள். கதிரை நுனியில் இருந்தான்.

"அத்தான், நான் நூறு வீடு செய்திருக்கிறன். ஒண்டும் நடக்கேல்லை."

"பதிவு அட்டை இருக்கோ?"

"முந்தி ஒருத்தரோட வேலை செய்தனான். அவற்ற இலக்கத்திலதான் செய்யிறன்."

பா. வாசல் நிலையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நின்றாள்.

"புகையைக் கொட்டிலுக்குள்ள விட்ட வீடு எத்தினை?"

விரலில் எண்ணினான். திரும்பவும் எண்ணினான். "ஏழு."

எழுது என்று தாளைக் கொடுத்தேன். எழுதினான். ஏழும் கலியாணத்துக்குச் சொன்ன வீடுகள். எல்லாருக்கும் இப்போதே போன் எடு, பொயிலரை நிறுத்தச் சொல் என்றேன். எடுத்தான். இரண்டு வீடு பதிலில்லை. ஐந்து வீடு சிரித்தது. "கலியாணப் பதட்டம் உமக்கு" என்றார்கள். வெளியே பூச்சியத்துக்குக் கீழே.

"நேரில போவம்" என்றேன்.

"கலியாணம் முடியட்டும் அத்தான். ஆறு நாள். பிறகு நானே போய்க் காலில விழுறன். அக்கா சொன்ன கடிதத்தை மட்டும் அனுப்பாதேங்கோ."

"அனுப்பியாச்சு."

அக்காவைப் பார்த்தான். பா. அவனுடைய கோட்டை எடுத்துவந்து நீட்டினாள்.

முதல் வீடு இங்கேயே, கோவிலுக்குப் பின் தெரு. விமலா அக்கா. "வாங்கோ, கலியாண வீட்டுக்காரர்! வெளியில போய்த் தேத்தண்ணி வைக்கிறன், இருங்கோ." கொட்டில் பக்கம் நடந்தா. யோகன் என்னைப் பார்த்தான். நான் சுவரிலிருந்த கலண்டரைப் பார்த்தேன். சொல்லமாட்டேன். அவன்தான் சொல்லவேண்டும், தன் வாயால்.

"அக்கா" என்றான். "முதல்ல பொயிலரை நிப்பாட்டுங்கோ. நான் பிழையாப் பொருத்திப்போட்டன்."

"என்ன பகிடி?"

"பகிடியில்லை அக்கா."

அவ சிரித்தா. பிறகு அவன் முகத்தைப் பார்த்தா. பிறகு சிரிக்கவில்லை. அவவின் கணவர் மாடியிலிருந்து இறங்கிவந்து, என்ன, என்ன என்று கேட்க, யோகன் முதலிலிருந்து திரும்பச் சொன்னான். நான் போய்ப் பொயிலர்ச் சுவிற்சை நிறுத்தி, மீற்றர்ப் பிடியையும் திருப்பினேன். எனக்கு இனித்தது. பொய் எழுதி என்ன பயன். இனித்தது.

காரில் ஏறியதும் கேட்டான்: "அடுத்தது ஈஸ்ற்ஹாம்தானே அத்தான், கிட்ட?"

பட்டியலை எடுத்துப் பார்க்கத் தேவை இருக்கவில்லை. ஈஸ்ற்ஹாம் வீடு பூட்டியிருக்கிறது; வீட்டுக்காரர் இரண்டு கிழமையாகப் பிள்ளையின் வீட்டில், அவரே போனில் சொன்னார். பதிலில்லாத இரண்டு வீட்டில் ஒன்றுக்குள் கலியாணத்துக்குக் கனடாவிலிருந்து வந்த ஒன்பது பேர் படுத்திருக்கிறார்கள்.

"அந்த ஒன்பது பேர் இருக்கிற வீடு. ஹவுன்ஸ்லோ" என்றேன்.

"அது... சம்பந்தி வீடு அத்தான். பொம்பிளை வீடு."

"ஓம்."

சாவியைத் திருப்பாமல் இருந்தான். நான் பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன்.